யார் கணக்கிலும் சேராத காலணி

குதிகால் அக்கா அன்றைக்கு அழுதாளா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அழுதாள் என்கிறான் ரேடியோ. இல்லை, மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான் என்கிறாள் சித்தி. நான் அங்கே இல்லை. இருவரும் சொன்னதைக் கேட்டு, நடுவில் எத்தனையோ மறந்து, மறந்த இடத்தையெல்லாம் என் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆகவே யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்பதை நம்பலாம். அதை மட்டும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

இன்னொன்றையும் ஒரே மாதிரி சொன்னார்கள். குதிகால் அக்காவின் அறையில் இருந்த காலணிகள் அத்தனையும் இடது காலுக்கானவை.

சுவரோரம் கூரை வரை அலமாரி. தட்டுத் தட்டாக, கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக, எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றன. ரேடியோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சித்தி, வலது காலெல்லாம் எங்க ஓடிப்போச்சு?"

சித்தி பதில் சொல்லவில்லை. அது புதிதில்லை. பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்க வந்தவள் போல உலாத்திக்கொண்டே திருடுகிறவர்களைப் பிடிப்பதுதான் பல வருடம் அவளுக்கு வேலை. வாயைத் திறந்தால் வேலை கெடும். அதை விட்டுவிட்டு, மாடியில் ஓர் அறை பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டிய பிறகும் அந்த வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவன் போல அவளுடைய அக்கா மகன் உதவியாளனாக வந்து சேர்ந்தான். முப்பது வயதுக்குள் பார்த்த வேலையையெல்லாம் வாயால் தொலைத்தவன். நிறுத்தத் தெரியாததால் ரேடியோ.

"கம்பெனிக்காரங்க சாம்பிளுக்கு ஒத்தக் கால்தான் அனுப்புவாங்க," என்றாள் குதிகால் அக்கா. "ஜோடியா அனுப்பினா வித்துடுவோமாம்."

"ரொம்பத்தான் நம்பறாங்க உங்கள."

"இந்தத் தொழில்ல யாரும் யாரையும் நம்பறதில்லப்பா."

அவளும் ஒரு காலத்தில் கடையில் பில் போடுகிறவளாக இருந்தவள். நின்று நின்று குதிகால் போயிற்று. வேலையும் போயிற்று. பிறகு, தன்னைப் போல நின்றுகொண்டே பிழைக்கிற நர்ஸ்கள், காவலாளிகள், சமையல்காரர்களுக்கெல்லாம் எந்தக் காலணி ஒத்துவரும் என்று வாரம் ஒரு வீடியோ போடத் தொடங்கினாள். வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு போய் யாராவது காலணி வாங்கினால், கம்பெனி இவளுக்குக் கமிஷன் தரும். யார் அழுத்தினார்கள், யார் வாங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது கம்பெனியின் கம்ப்யூட்டர். அது சொல்வதுதான் கணக்கு. வாங்கிய ஆளை இவள் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

"பாக்கறவங்க குறையல," என்றாள். "உங்க பேச்சக் கேட்டு வாங்கினேன், கால் வலி விட்டுதுன்னு எழுதறவங்க குறையல. கமிஷன் மட்டும் பாதிக்கும் கீழ போயிடுச்சு. என் தம்பிதான் எடுக்கறான்."

"எப்படி?"

"என் வீடியோ பக்கத்தப் பாத்துக்கறது அவன்தான். என் லிங்க்க எடுத்துட்டு அவனோடத வெச்சிருக்கான்."

"பாத்தீங்களா?" இது சித்தி.

"பாக்கணுமா? எனக்குக் கமிஷன் குறைஞ்ச மாசம் அவன் பைக் வாங்கினான். துரத்திட்டேன். அம்மா என்கூடப் பேசறதில்ல. பரவாயில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோல அவன் போட்டோவப் போட்டு, என் கூடப் பொறந்தவன் திருடன்னு சொல்லப் போறேன். என்னை நம்பறவங்க அத்தனை பேரும் கேட்கட்டும். அதுக்கு ஆதாரம் வேணும். எடுத்துக் குடுங்க."

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அதையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அவர் போனதும் பாஸ்வேர்ட மாத்தினீங்களா?"

"அன்னிக்கே."

"கமிஷன் ஏறுச்சா?"

குதிகால் அக்கா ஒரு காலணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஏறல. வேற ஏதோ வழி வெச்சிருக்கான்."

"நாங்க ரெண்டு பேரும் உங்க லிங்க் வழியா ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கறோம்," என்றாள் சித்தி. "அது எங்க போய்ச் சேருதுன்னு பாப்போம். டேய், நீ..."

"ஆர்டர் பண்ணியாச்சு சித்தி!" ரேடியோ போனைத் தூக்கிக் காட்டினான். அதில் குதிகால் அக்காவின் வீடியோ வணக்கம் சொல்லியே முடிக்கவில்லை.

"அளவு?" என்றாள் அக்கா பதறிப்போய்.

"வழக்கமா போடறதுதான்."

"வீடியோவ முழுசா பாக்கலையேப்பா."

"ஷூவக் காட்டிட்டீங்கல்லக்கா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையப் பாத்தாப் போதாதா, கடைசி பந்தி வரைக்கும் உட்காரணுமா?"

சித்தி தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

தம்பி, அடையாள அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் கடையில் இருந்தான். ஓர் ஆள் நின்றால் மற்றவர் வெளியேதான் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய கடை. சூடான பிளாஸ்டிக் வாசனை. வாசலில் அந்தப் பைக்.

"அக்கா அனுப்பினாளா?"

"ஆமா," என்றான் ரேடியோ. "பைக்க விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க. சௌக்கியமா அது?"

"தவணைல ஓடுது. நானும் அப்படித்தான்."

"எடுத்தீங்களா?" என்றாள் சித்தி.

யாருடைய முகமோ பதிந்த அட்டை ஒன்று இயந்திரத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் பளபளப்பாக வெளியே வந்தது. அதன் ஓரங்களைக் கத்தரித்து முடித்த பிறகுதான் பேசினான்.

"அவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்கல. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்போதே என் பையத் தூக்கி மாடிப்படில வெச்சா."

"எங்ககிட்ட சொல்லலாமே," என்றான் ரேடியோ.

"உங்ககிட்ட ஏங்க சொல்லணும்? நீங்க எனக்கு அக்காவா?"

இருவரும் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ வீடியோவக் கடைசி வரைக்கும் பாருங்க. நான்தான் வெட்டி ஒட்டுவேன். கடைசி வரைக்கும் பாக்கறவங்க கம்மி. ஆனா அங்கதான் அவ இருக்கா."

மறுநாள் காலை சித்தி, ரேடியோ பாதியில் விட்ட அதே வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். லிங்க்கை அழுத்தினாள், ஒரு ஜோடியைக் கூடையில் போட்டாள், போனை மூடிவிட்டாள். சாயங்காலம் அலுவலகத் தரையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதன்மேல் நின்று, தன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள்.

"என்ன சித்தி, காலுக்குப் பாஸ்போர்ட் எடுக்கறீங்களா?"

அடுத்த நாள் சாயங்காலமும் இன்னொரு காகிதம், இன்னொரு கோடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் கூடையைத் திறந்து வாங்கினாள். துணிக்கடையில் இவளிடம் மாட்டிக்கொண்ட திருடர்களை நினைத்து ரேடியோ பரிதாபப்பட்டான்.

காலணிகள் வந்து சேர்ந்தன. இரண்டையும் போட்டுக்கொண்டே கம்பெனியின் கிடங்குக்குப் போனார்கள். ரேடியோ பாதி வழியிலேயே நொண்ட ஆரம்பித்தான்.

"புது ஷூ கொஞ்சம் கடிக்கும் சித்தி. பழகணும்ல. என்னையே உங்களுக்குப் பழக எவ்ளோ நாளாச்சு?"

"இன்னும் பழகல."

கிடங்கின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு. உள்ளே விற்பனை மேலாளர், சக்கரம் வைத்த நாற்காலியில். எழுந்து நிற்கும் வழக்கம் இல்லாதவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அலமாரிக்குப் போவதென்றாலும் உருண்டுதான் போனார். காலில் வேறு கம்பெனிக் காலணி. குதிகால் அக்காவின் கமிஷன் விஷயமாக வந்திருக்கிறோம் என்றான் ரேடியோ.

"எங்க கணக்கு கண்ணாடி மாதிரிங்க," என்று திரையைத் திருப்பிக் காட்டினார். "எங்ககிட்ட ஒளிவு மறைவு கிடையாது. உங்க ஆர்டர் நம்பரச் சொல்லுங்க."

ரேடியோவின் காலணி, குதிகால் அக்காவின் பெயருக்கு நேரே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சித்தியினுடையதைத் தேடினார். அக்காவின் பெயரில் இல்லை. 'நேரடி விற்பனை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அப்படியென்றால் யாரும் கூட்டிவராமல் தானாக வந்த வாடிக்கையாளர் என்று பொருளாம்.

ரேடியோ துள்ளினான். துள்ளியதில் கால் வலித்து மேசையைப் பிடித்துக்கொண்டான். "சித்தி! ஒரே வீடியோ, ஒரே லிங்க். ஒண்ணு சேருது, ஒண்ணு சேரல. தம்பிக்காரன் எல்லாத்தையும் எடுத்தா மாட்டிக்குவோம்னு ஒண்ணு விட்டு ஒண்ணு எடுக்கறான்!"

"அந்தத் தம்பி கணக்குல இருக்கா?" என்றாள் சித்தி.

"அது... இல்ல."

"வேற யார் கணக்குலயாவது?"

"யார் கணக்குலயும் இல்லைங்க," என்றார் மேலாளர்.

திருட்டு இருந்தது. திருடிய பொருள் யாரிடமும் இல்லை. ரேடியோ தன் வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு நிமிடம் யோசித்தான்.

மேலாளர் அந்த மௌனத்தைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். "அந்தம்மா ரொம்பப் பேசறாங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் ஒண்ணு சொல்றேன், போய்ச் சொல்லுங்க. அவங்க கணக்குல வர்றவங்கதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அளவு சேரலன்னு திருப்பி அனுப்பறதுல அவங்க ஆளுங்கள அடிச்சுக்க ஆளில்ல."

சித்தி மேலாளரைப் பார்க்கவில்லை. ரேடியோவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. மேலாளர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"நீ வெளிய போய் அந்த ஷூவக் கழட்டிட்டு உட்காரு," என்றாள் ரேடியோவிடம்.

அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கொப்புளத்தை ஊதிக்கொண்டே பார்த்தான். சித்தியின் வாய் ஒரே ஒரு தடவை அசைந்தது. மேலாளர் சிரித்தார். சித்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு மெதுவாக வடிந்தது. பிறகு அவர் பேசினார், கையை விரித்தார், திரையில் ஏதோ காட்டினார், நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் உருண்டார். நிறையப் பேசினார். மௌனத்தைத் தாங்க முடியாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று ரேடியோவுக்குத் தெரியும். அவனே வாரத்துக்கு ஒரு தடவை மாட்டுகிறவன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மறுபடி அந்த இடது கால் அறைக்குப் போனார்கள். விளக்குகள் தயாராக இருந்தன. தம்பியின் போட்டோ ஒன்று கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக நின்றது. சிரித்த முகம். குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது போலிருந்தது. அவன் தோளில் கிடந்த கை யாருடையது என்று தெரியவில்லை.

"ஆதாரம் கெடச்சுதா?"

"கெடச்சுது," என்றாள் சித்தி. "டேய், கால நீட்டு."

ரேடியோ காலணியோடு காலை நீட்டினான். குதிகால் அக்கா தொழில் புத்தியில் குனிந்து, முன்னால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "ஒரு அளவு சின்னது. எப்ப அளந்த?"

"அளக்கலக்கா."

"வீடியோல அவ்ளோ சொல்றேனே!"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன்."

சித்தி தன் காலை நீட்டினாள். அக்கா அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "முன்னாடி ஒரு விரல் இடம். பின்னாடி கச்சிதம். நீங்க நான் சொன்ன மாதிரியே பண்ணியிருக்கீங்க."

"என்ன சொன்னீங்க? எனக்காக ஒரு தடவை சொல்லுங்க."

அக்கா நிமிர்ந்தாள். வாரா வாரம் சொல்வது, தடங்கலில்லாமல் வந்தது. "அவசரப்படாதீங்க. பிடிச்சிருந்தா கூடையில மட்டும் போட்டு வைங்க. நாள் முழுக்க நின்னு, சாயங்காலம் கால் வீங்கினப்புறம் காகிதத்துல வரைங்க. மறுநாள் சாயங்காலம் மறுபடி வரைங்க. ரெண்டும் ஒத்துப்போனா, அந்த அளவுல வாங்குங்க. உங்க காசு, உங்க கால்."

"இந்த ரெண்டு ஜோடில ஒண்ணுதான் உங்க கணக்குல வந்திருக்கு. எது?"

அக்கா சித்தியின் காலைக் காட்டினாள். சித்தி தலையாட்டி மறுத்தாள்.

"லிங்க்க அழுத்திக்கிட்டு ஒருத்தர் உள்ள போனா, உங்க வழியா வந்தவர்னு கம்பெனி ஞாபகம் வெச்சுக்கணும். முன்னாடி ஒரு மாசம் வெச்சுக்கிட்டாங்க. இப்ப ஒரு நாள். அதுக்கு மேல ஆனா, கூடையில ஷூ இருக்கும், கூட்டிக்கிட்டு வந்தவங்க பேர் அழிஞ்சிருக்கும். உங்க பேச்சக் கேட்டவங்க யாரும் உங்க கணக்குல இல்ல. கேட்காதவங்க மட்டும்தான் இருக்காங்க. அதான் அளவு தப்பித் திருப்பி அனுப்பறாங்க."

ரேடியோ தன் காலைப் பார்த்தான். இத்தனை நாளாகத் துப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நொண்டியிருக்கிறான்.

விளக்கு ஒன்று சன்னமாக இரைந்தது.

"அப்ப... தம்பி?"

"அவர் எடுக்க இங்க ஒண்ணுமே இல்ல. யாரும் எடுக்கல. உங்க பேரச் சேர்க்காம விட்டாங்க, அவ்ளோதான்."

"யாரக் கேட்டு மாத்தினாங்க?" அக்காவின் குரல் உயர்ந்தது. "சட்டம் இல்லையா? கேட்க ஆளில்லையா?"

"உங்களத்தான் கேட்டிருக்காங்க. புது விதி அனுப்பி, சம்மதமான்னு கேட்டாங்க. சம்மதம்னு உங்க போன்லேர்ந்து போயிருக்கு. கம்பெனி மேலாளர் காட்டினார்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "அவன்தான் அழுத்தியிருப்பான்! என் போன் எப்பவும் அவன்கிட்டதானே கெடக்கும்!"

அதை அவள் சொன்ன வேகத்தை ரேடியோ மறக்கவே இல்லை என்றான். கோபம் மாதிரி இல்லையாம். மூழ்குகிறவளுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இருந்ததாம். தம்பி திருடனாக இருந்தால்தான் அவளுக்குத் தேவலாம்.

"கட்டைவிரல் வெச்சாத்தான் அது போகுமாம்," என்றாள் சித்தி. "யார் கட்டைவிரல்?"

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"லிஃப்ட்டுக்கு நின்னுக்கிட்டிருந்தேன்," என்றாள். "நீளமா என்னமோ வந்துச்சு. லிஃப்ட் வந்துடுச்சு. சரின்னு அழுத்திட்டேன்."

அவசரப்படாதீங்க என்று வாரா வாரம் ஊருக்குச் சொல்கிறவள். அந்த இடத்தில் போடுவதற்கு ரேடியோவிடம் ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. நுனி நாக்கு வரை வந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்ட ஒரே வாக்கியம் அதுதான் என்று சித்தி என்னிடம் சொன்னாள்.

"ஏன் ஒரு நாளாக் குறைச்சாங்களாம்?" என்றாள் அக்கா.

"உங்க வீடியோவக் கடைசி வரைக்கும் பாக்கறவர் இன்னொருத்தர் இருக்கார்," என்றாள் சித்தி. "அந்த மேலாளர். உங்க ஆளுங்க நிதானமா வாங்கறாங்கன்னு அவருக்கு அங்கதான் தெரிஞ்சிருக்கு. ஒரு நாளாக் குறைச்சா உங்க கமிஷன் மிச்சம்னு குறைச்சிட்டார். உங்க பேர எவ்ளோ நாள் ஞாபகம் வெச்சுக்குவாங்கன்னு கேட்டேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டார். பெருமையாத்தான் சொன்னார்."

அக்கா போனை எடுத்தாள். கட்டைவிரலை வைக்கப் போய், ஒரு கணம் தயங்கி, வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தம்பி எடுத்தான். அறை அமைதியாக இருந்ததால் அவன் குரலும் கேட்டது.

"வீட்டுக்கு வாடா."

"ஆதாரம் கெடச்சுதா?"

"நீ எடுக்கலடா."

"தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும்." பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம். "அதுக்கு ஆள் வெச்சுத் தெரிஞ்சுக்கணுமாக்கா?"

அதற்குள் வாடிக்கையாளர் யாரோ அவனைக் கூப்பிட்டார். வைத்துவிட்டான். திரையில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அழுதாளா, மூக்கை உறிஞ்சினாளா என்ற தகராறு இந்த இடத்தில்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அவன் போட்டோ வரவில்லை. என் தம்பி மேல் தப்பாகச் சந்தேகப்பட்டேன், மன்னித்துக்கொள் என்று அக்கா சொன்னாள். அளவெடுக்கும் முறையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் சொன்னாள். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. தம்பி பார்த்தானா என்றும் தெரியாது. அவன் திரும்பி வரவில்லை. இன்னும் அட்டைகளுக்கு உறை ஒட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா அவனோடு போய்விட்டாள்.

கம்பெனி விதியை மாற்றவில்லை. பார்த்த உடனே வாங்குங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கணக்கு ஏறிவிடும் என்று மேலாளரே அக்காவுக்கு எழுதினார். அவள் சேர்க்கவில்லை. இப்போது காலையில் ஒரு கடையில் நின்றுகொண்டு பில் போடுகிறாள். மாதத்துக்கு ஒரு வீடியோ வருகிறது. மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவருடைய புது அறையில் உருள இடம் அதிகம்.

ரேடியோ தன் காலணியைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் அக்காவின் கணக்கில் ஒன்று கழிந்துவிடும். அது அலுவலக மேசைக்கு அடியில் கிடக்கிறது. சித்தியினுடையது நன்றாக உழைக்கிறது, கடிப்பதே இல்லை. அது இன்றைக்கும் யார் கணக்கிலும் இல்லை.